தொண்டியில் பார்த்த உள்ளங்கால்: தோல் புற்றைக் கண்டறிந்த வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொண்டி என்றவுடன் இலக்கிய அன்பர்களுக்கு முதலில் எழும் கேள்வி, எந்தத் தொண்டி என்பதுதான். சங்கப் பாடல்களில் சேரரோடு சேர்த்துப் பேசப்படும் தொண்டி மேலைக் கடற்கரையில் இருந்த துறைமுகம். கீழைக் கடலில், பாக் நீரிணையின் கரையில், இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானை வட்டத்தில் இருக்கும் தொண்டி பாண்டிய நாட்டினுடையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கீழ்க்காற்றோடு வந்த மரக்கலங்கள் அகிலும் பட்டாடையும் சந்தனமும் கற்பூரமும் கொணர்ந்த செய்தி உண்டு. அது இந்தக் கீழைத் தொண்டியைக் குறித்தது என்று கொள்வோர் பலர்.

அந்தத் துறையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஐவர் தொண்டிக்குப் போயிருந்தோம். மரக்கலங்களின் சுவடு எதையும் நாங்கள் காணவில்லை. ஆழமில்லாத கடல், கரையேற்றிய வல்லங்கள், நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பழைய வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பொத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். இவ்வளவே எங்கள் கண்ணில் பட்டவை. அந்தப் பெரியவரின் கால்தான் இக்கட்டுரைக்கு வழிவகுத்தது.

எங்களோடு வந்த நண்பர் ஒருவர் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக முப்பதாண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெரியவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னே, புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு.

"அண்ணே, அந்தக் காலைக் கொஞ்சம் திருப்புங்க, பாப்போம்" என்றார் நண்பர்.

"முள்ளு குத்துனது தம்பி. திருக்கையோ கெளுத்தியோ, ஞாபகமில்ல. கறுத்துப்போச்சு. அது பாட்டுக்கு இருக்கு."

நண்பர் பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் ஆங்காங்கே தொட்டார். தொட்ட இடமெல்லாம் பெரியவர் விரலால் சரியாகச் சுட்டினார். உணர்ச்சி இருக்கிறது, ஆகவே நண்பரின் பழைய எதிரி அங்கே இல்லை. ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. "முள்ளாத்தான் இருக்கும். இருந்தாலும் மதுரையில காட்டிருங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பெரியவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வலைக்குத் திரும்பினார்.

திரும்பும் வழியில், தேவிபட்டினம் தாண்டிப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தபோது, நண்பர் தாமாகவே பேசத் தொடங்கினார். பணிக்காலத்தில் அவர் பார்த்து வந்த ஓர் அம்மாள். தொழுநோய் மருந்தால் தீர்ந்துவிட்டது. மரத்துப்போன உள்ளங்காலில் மட்டும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆறாத புண். நண்பர்தான் வாரந்தோறும் கட்டுப் போட்டார். ஒரு கட்டத்தில் புண்ணின் விளிம்பு தடித்து, காலிஃபிளவர்போலப் பூத்தது. "புதுச் சதை வளருது, புண் ஆறுதுன்னு நானே அந்த அம்மாகிட்ட சொன்னேன். அவங்களும் சந்தோசப்பட்டாங்க" என்றார். அது புற்று என்று தெரிந்தபோது முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அம்மாள் பிழைத்தார். நண்பர் அதன்பின் எந்தக் காலையும் திருப்பிப் பார்க்காமல் விட்டதில்லை.

தோல் புற்று என்பது வெள்ளைத் தோலினருக்கு வரும் நோய், கடற்கரையில் வெயில் காய்பவர்களின் நோய் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. நம் தோலின் மெலனின் நிறமி, புறஊதாக் கதிரால் வரும் புற்றுகளிலிருந்து நம்மைப் பெரிதும் காக்கிறது. இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் தோல் புற்றின் பங்கு மிகச் சிறிது. ஆனால் குறைவாக வரும் நோய்க்கு ஓர் ஆபத்து உண்டு: அதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்த்தாலும், வெள்ளைத் தோலில் வருமிடங்களான முகத்திலும் முதுகிலும் தேடுவார்கள். நம்மிடம் அது வேறிடங்களில் வருகிறது. அந்த வேறிடங்கள் எவை என்பதை மருத்துவம் எவ்வாறு அறிந்தது என்பதே இங்கு நாம் சொல்லப் புகுந்த வரலாறு.

*

இவ்வரலாற்றின் முதல் பெயர் பெர்சிவல் பாட். 1775ஆம் ஆண்டு, இலண்டன் அறுவை மருத்துவரான இவர், புகைபோக்கிகளுக்குள் ஏறித் துடைக்கும் தொழிலாளருக்கு விரைப்பையின் தோலில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். சிறுவயதிலேயே அவ்வேலைக்கு அனுப்பப்பட்டவர்களின் தோல் மடிப்புகளில் படிந்த கரியே காரணம் என்றார். அதுவரை அந்தப் புண்ணைப் பால்வினை நோய் என்றெண்ணிப் பாதரசம் கொடுத்துவந்தார்கள். ஒரு தொழிலுக்கும் ஒரு புற்றுக்கும் உள்ள தொடர்பை மருத்துவம் எழுதி வைத்த முதல் நிகழ்வாக இதைக் கொள்வார்கள். பாட் செய்தது ஒன்றுதான்: புண்ணைப் பார்த்ததோடு நிற்காமல், புண்ணுக்குரியவர் அன்றாடம் என்ன செய்கிறார் என்று கேட்டார்.

இதே கேள்வி இந்தியாவில் காஷ்மீரத்தில் கேட்கப்பட்டது. அங்கே குளிர்காலத்தில் காங்கிரி என்னும் சிறு மண்சட்டியில் தணலிட்டு, பிரம்புக் கூடையில் வைத்து, நீண்ட அங்கிக்குள் வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொள்வது வழக்கம். மருத்துவப் பணிக்காக அங்கு சென்றிருந்த எல்ம்ஸ்லி, அவ்விடங்களின் தோலில் வரும் புற்றைப் பற்றி 1866இல் எழுதினார். பின்னர் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய எர்னஸ்ட் நெவ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தார். ஆண்டுக்கணக்காகப் பட்ட மெல்லிய சூடு தோலில் வலைபோன்ற கருமையை உண்டாக்கி, முதுமையில் புற்றாக முடிகிறது என்பது தெளிவாயிற்று. வெயிலால் வந்ததன்று அப்புற்று. குளிருக்கு அஞ்சிய ஏழையின் அடுப்பால் வந்தது.

மூன்றாவது கேள்வி பம்பாயில் எழுந்தது. 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டபின், அங்கு நோய்க்கூற்றியல் துறையைக் கட்டியெழுப்பியவர் வி.ஆர்.கானோல்கர். இவரும் சூர்யாபாயும் சேர்ந்து 1945இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரின் பழக்கவழக்கங்களோடு தொடர்புடைய புற்றுகளைப் பற்றியது. அதில் ஒன்று வேட்டிப் புற்று. இடுப்பில் ஒரே இடத்தில் பல்லாண்டுகள் இறுக்கிக் கட்டிய துணி, வியர்வையும் உராய்வுமாகத் தோலைக் கருக்கித் தடிக்கவைத்து, வெடிக்கவைத்து, சிலரிடம் புற்றாக்கிற்று. பின்னாளில் புடவை கட்டும் பெண்களிடமும் இது அறியப்பட்டது. 2024இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் வார்தா, பீகார் மருத்துவர்கள் இரு முதிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். உடையை இறுக்கிக் கட்டிய இடுப்பில் ஆறாப்புண். திசுச் சோதனையில் இருவருக்கும் செதிள் உயிரணுப் புற்று. கானோல்கரின் கட்டுரைக்கு ஏறத்தாழ எண்பதாண்டுகளுக்குப் பின்னும் அது செய்தியாக இருந்தது என்பதே சிந்திக்கத்தக்கது. நாடாவின் தழும்பு இல்லாத இடுப்பு நம் வீட்டு முதிய பெண்களில் எத்தனை பேருக்கு உண்டு? அந்தத் தழும்பு எப்போது புண்ணாயிற்று என்று கேட்டவர் எத்தனை பேர்?

பழைய தழும்பிலும் நெடுநாட் புண்ணிலும் புற்று முளைப்பதற்கு மருத்துவத்தில் மார்ஜோலின் புண் என்று பெயர். 1828இல் அவ்வகைப் புண்களை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. தீக்காயத் தழும்பு, சீழ் வடிந்துகொண்டேயிருக்கும் எலும்புப் புண், உணர்ச்சியற்ற பாதத்தின் ஆறாப்புண் ஆகியன அதன் விளைநிலங்கள். பெரும்பாலும் பல்லாண்டுகள், சிலவேளை முப்பது நாற்பதாண்டுகள் கழித்தே அது தலைகாட்டும். இத்தனை காலம் கூடவே இருந்த புண்ணை யார்தான் ஐயுறுவார்? அது வீட்டில் ஒருவரைப்போல ஆகிவிடுகிறது. எங்கள் நண்பர் கட்டுப் போட்ட புண் இவ்வகையினது.

*

இனிக் கறுப்புப் புற்றுக்கு வருவோம். நிறமி உயிரணுக்களில் எழும் மெலனோமா, தோல் புற்றுகளில் எண்ணிக்கையில் குறைந்தது, கொடுமையில் மிகுந்தது. 1787இல் ஜான் ஹண்டர் ஒருவரின் தாடையருகே இருந்த கட்டியை அறுத்தெடுத்துக் குப்பியில் இட்டு வைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. இலண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் குப்பியை 1968இல் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான் மெலனோமா என்பது உறுதியாயிற்று. பிற்காலத்தில் இதயத்துடிப்புமானியால் புகழ்பெற்ற லென்னெக், 1804இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். 1820இல் வில்லியம் நாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், இது சில குடும்பங்களில் தொடர்வதைக் கவனித்தார். 1840இல் சாமுவேல் கூப்பர், முற்றிய நிலையில் இதற்கு மருந்தில்லை, தொடக்கத்திலேயே அறுத்து நீக்குவதொன்றே வழி என்று எழுதினார். ஏறத்தாழ இருநூறாண்டுகளுக்குப் பின்னும், புதிய நோயெதிர்ப்பு மருந்துகள் வந்துவிட்ட இக்காலத்திலும், தொடக்கத்தில் அறுப்பதே முதன்மையான மருத்துவம்.

வெயிலின் பங்கை உணர்ந்தவர்களில் ஒருவர் ஹாம்பர்க் நகரத்துப் பால் கெர்சன் உன்னா. துறைமுக நகரத்தவரான அவர் 1894இல் மாலுமிகளின் வெயில்பட்ட தோலையும் அதில் எழும் புற்றையும் பற்றி எழுதினார். அந்த மாலுமிகள் வெண்ணிறத்தவர். தொண்டிக் கடலில் நாள்முழுதும் வெயிலில் நிற்பவரின் முகத்தை அவருடைய மெலனின் காக்கிறது. ஆனால் அதே மனிதர் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினால் அது வெளிறியிருக்கும். எத்துணைக் கருநிறத்தவராயினும் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியவையே. கருநிறத் தோலினருக்கு மெலனோமா வரும்போது பெரும்பாலும் அங்கேதான் வருகிறது, அல்லது நகத்தடியில்.

இதையும் மருத்துவம் மெல்லத்தான் அறிந்தது. 1886இல் ஜோனதன் ஹட்சின்சன் நகச்சுற்றுபோலத் தோன்றும் மெலனோமாவை விவரித்தார். அது எப்போதும் கறுப்பாக இருப்பதில்லை என்பதையும் அவரே எச்சரித்தார். நகத்தின் கறுப்பு, நகக்கண்ணைத் தாண்டிச் சதைக்குப் பரவினால் ஐயுற வேண்டும் என்ற அறிகுறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் வருவதைத் தனிவகையாகப் பிரித்துப் பெயரிட்டவர் ரிச்சர்ட் ரீட்; ஆண்டு 1976. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால்விரலில் அந்நோய் கண்டறியப்பட்டது. கால்பந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் கருதினார்கள். 1981 மே மாதம், 36ஆம் வயதில் அவர் மறைந்தார். முள் குத்தியது என்று தொண்டிப் பெரியவர் சொன்னபோது எங்களில் ஒருவருக்கு நினைவுக்கு வந்தது மார்லியின் கால்பந்துதான்.

உள்ளங்கால் மெலனோமாவுக்குக் காரணம் என்ன? வெயில் அன்று என்பது ஏறத்தாழத் தெளிவு. 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல மெலனோமாக்களின் மரபணுத் தொகுதியை முழுமையாக வாசித்தபோது, உடற்பகுதித் தோலில் வந்தவற்றில் புறஊதாக் கதிரின் தடம் நிறைந்திருந்தது. உள்ளங்கால், உள்ளங்கை வகையில் பெரும்பாலும் அத்தடம் இல்லை. உடல் எடை அழுந்தும் இடங்களில் இது மிகுதியாக வருவதால் அழுத்தத்துக்கும் காயத்துக்கும் பங்கிருக்கலாம் என்ற கருத்து உண்டு, நிறுவப்படவில்லை. ஆகவே வெறுங்காலில் நடப்பதால்தான் வருகிறது என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். வெறுங்காலில் நடப்பவர், வந்த கறுப்பை முள்ளென்றும் ஆணியென்றும் கொள்வதற்குக் காரணங்கள் மிகுதி என்று மட்டும் சொல்லலாம்.

*

நம் மொழியும் இதற்கு ஒருவாறு உடந்தை. தோலில் தோன்றுவனவற்றுக்குத் தமிழில் சொற்பஞ்சமில்லை: மச்சம், மறு, மரு, தேமல், படை, பரு, ஆணி, கழலை, பிளவை. இவற்றுள் மச்சத்துக்கு மட்டும் தனிச் சாத்திரமே உண்டு. பஞ்சாங்கம் விற்கும் கடைகளில் மச்ச சாஸ்திரச் சிறுநூல் இன்றும் கிடைக்கும். எங்கே மச்சமிருந்தால் என்ன பலன் என்று அவயவம் அவயவமாக அது அடுக்கும். காலில் மச்சமிருந்தால் ஊர் சுற்றுவான், கடல் கடப்பான் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டது. நம் முன்னோர் மச்சத்தை உற்றுப் பார்க்காதவர்கள் அல்லர். ஆனால் பிறவியோடு வந்த, மாறாத எழுத்தாகவே அதைப் பார்த்தார்கள். மாறுகின்ற மச்சம் என்பது அச்சாத்திரத்தில் இல்லை. மருத்துவம் கேட்பதோ அதை மட்டுந்தான்: இது எப்போது வந்தது, எவ்வாறு மாறியது?

மாற்றத்தை அளக்க முடியும் என்று காட்டியவர்கள் இருவர். 1969இல் வாலஸ் கிளார்க், புற்று தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதைக்கொண்டு நிலைகளை வகுத்தார். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ அதனினும் எளிய வழி கண்டார்: நுண்ணோக்கியின் கீழ் கட்டியின் தடிமனை மில்லிமீட்டரில் அளப்பது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் எடுக்கப்பட்டவர் பெரும்பாலும் நலமடைகிறார். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டியவரின் நிலை வேறு. தோல் புற்றில் 'முன்கூட்டியே' என்ற சொல்லுக்குப் பொருள் இந்தச் சில மில்லிமீட்டர்கள்தாம்.

1985இல் நியூயார்க் பல்கலைக்கழகத்து மருத்துவர்களான ஃபிரீட்மன், ரிகெல், காப் ஆகியோர் பொதுமக்களுக்காக ஒரு நினைவுக்குறிப்பை அமைத்தார்கள். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகள்: இரு பாதிகளும் ஒவ்வாமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டம். 2004இல் ஐந்தாவதாக 'மாறிக்கொண்டிருத்தல்' சேர்க்கப்பட்டது. உலகெங்கும் பரவிய இந்நெடுங்கணக்கு உள்ளங்காலில் எப்போதும் செல்லுபடியாவதில்லை. அங்கே தோல் தடித்தது, தேய்வது. கறுப்பே இல்லாமல் சிவந்த சதைப்பூப்பாகவும் அது வரும். எனவே 2010இல் பிரித்தானிய மருத்துவர்கள் சிலர் பாதத்துக்கென்று தனியாக ஐந்து கேள்விகளை வகுத்தார்கள். தோலின் நிறமல்லாத வேறு நிறம் உண்டா? இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையா? இரத்தமோ நீரோ கசிகிறதா? மருந்திட்டும் பெரிதாகிறதா? இரண்டு மாதங்களுக்கு மேலும் ஆறவில்லையா? ஐந்தில் இரண்டுக்கு ஆம் என்றால் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கூற்று.

நமக்கு மிகவும் பிடித்துப்போனது ஜப்பானியர் கண்ட முறை. அங்கும் மெலனோமா உள்ளங்காலிலேயே மிகுதி. டோஷியாகி சைடா என்னும் தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும், டெர்மாஸ்கோப் எனப்படும் விளக்கொளியுள்ள சிறு உருப்பெருக்கியால் உள்ளங்காலின் ரேகைகளை ஆராய்ந்தார்கள். உள்ளங்கால் தோலை உழுத வயலாக நினைத்துக்கொள்ளலாம்: சால்களும் சால்களுக்கிடையே மேடுகளும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் சாலில் கோடுகோடாகக் கிடக்கும். மெலனோமாவின் நிறம் தொடக்கத்திலேயே மேட்டில் ஏறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு கறுப்புகளை, கத்தி வைக்குமுன்பே இவ்வாறு பெரும்பாலும் பிரித்தறியலாம். இருப்பினும் முடிவைச் சொல்வது திசுச் சோதனைதான். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற அச்சம் நம்மூரில் ஆழமாக வேரூன்றியது, அதற்கு ஆதாரமில்லை. பரவுவதற்கு நேரம் கொடுப்பது அந்த அச்சமே.

படத்தைப் பார்த்துப் புற்றைச் சொல்லும் கணினி நிரல்களும் இப்போது வந்துவிட்டன. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், தோல் மருத்துவர்களுக்கு நிகராகத் தங்கள் நிரல் இனங்காண்பதாக எழுதினார்கள். 2022இல் வேறோர் ஆய்வு, இத்தகைய நிரல்கள் கருநிறத் தோலின் படங்களில் தடுமாறுவதைக் காட்டியது. அவற்றுக்குக் கற்பித்த படங்களுள் பெரும்பாலானவை வெளிர்நிறத் தோலினுடையவை. வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்ட நெடுங்கணக்கைத்தான் பொறியும் படித்திருக்கிறது.

*

அப்படியானால் உள்ளங்காலைப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்றால், இல்லை. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு பெருமைமிக்க மரபே இருந்தது. அதைக் கொண்டுவந்தது தொழுநோய்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் தாமாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சியற்றுப்போனதால் அறியாமல் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை நிறுவினார். வேலூரிலும் கரிகிரியிலும் நோயாளிகளுக்கு இரண்டு காரியங்கள் கற்பிக்கப்பட்டன. ஒன்று, மெத்தென்ற ரப்பர் செருப்பு அணிவது. மற்றொன்று, நாள்தோறும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது. வலி சொல்லாததைக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் தத்துவம். 1955இல் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸும் அவரோடு கிளேர் வெல்லுவும் தொடங்கிய பணி, மருத்துவமனையை மரத்தடிக்குக் கொண்டுசென்றது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு மருத்துவர் வந்தார். பின்னர் தேசியத் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, நல்ல பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, தலை முதல் கால்வரை தோலைப் பார்த்தார்கள். எங்கள் நண்பர் அப்படையில் ஒருவர். முப்பதாண்டுகளில் எத்தனை ஆயிரம் முதுகுகளையும் பாதங்களையும் பார்த்தார் என்ற கணக்கு அவரிடமே இல்லை.

கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் வந்தது. நோய் வேகமாகக் குறைந்தது. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு எட்டியது. தனித்திட்டம் பொதுச் சுகாதாரத்தோடு இணைக்கப்பட்டது. அது மகிழ்ச்சிக்குரிய வெற்றிதான். ஆயினும் வெற்றியோடு சேர்ந்து, தோலைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு தலைமுறை ஓய்வு பெற்றது. அவர்களுடைய கண்களுக்குப் பயிற்சி இருந்தது. அப்பயிற்சியைத் தேமலுக்கும் மரத்துப்போன படைக்கும் அப்பால் சற்றே விரித்திருந்தால், ஆறாப்புண்ணின் தடித்த விளிம்பும் உள்ளங்காலின் கறுப்பும் அதே பார்வையில் அகப்பட்டிருக்கும். நண்பரின் வருத்தம் இதுவே: "பாக்கத் தெரிஞ்சவன் நான். எதைப் பாக்கணும்னு இன்னொரு வரி யாராவது சொல்லிக் குடுத்திருந்தா, அந்தக் கால் மிஞ்சியிருக்கும்."

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது 1954இல். அப்போது அதில் இருந்தவை 12 படுக்கைகள். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். மருத்துவமனை மெல்ல மெல்லக் கடற்கரைக்கு அருகில் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் வராதது, அங்கே போகவேண்டும் என்ற நினைப்பு. கால் ஆணி என்று மருந்துக்கடையில் பட்டை வாங்கி ஒட்டுவதும், பிளேடால் சீவுவதும், சுண்ணாம்பு வைப்பதும் அந்த இடைவெளியில் நிகழ்கின்றன.

*

தொண்டிப் பெரியவரின் செய்தியைச் சொல்லாமல் முடிப்பது முறையன்று.

சில மாதங்கள் கழித்து நண்பரும் நாங்கள் இருவரும் மீண்டும் தொண்டிக்குப் போனோம். பெரியவர் அதே வல்லத்தின் நிழலில் இருந்தார். மகன் வற்புறுத்தியதால் மதுரைக்குப் போயிருக்கிறார். ஒருமுறை காட்ட, ஒருமுறை அறுக்க, ஒருமுறை முடிவு வாங்க என்று மூன்று பயணங்கள். தோலுக்கடியில் முறிந்த முள்ளின் துணுக்கும், அதைச் சுற்றி உறைந்து கறுத்த பழைய இரத்தமும்தான் இருந்தனவாம். புற்று இல்லை.

"ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல, முள்ளுன்னு? நல்லா நண்டு பட்ட நேரத்துல மூணு நடை. ஓங்க பேச்சக் கேட்டு எனக்கு அம்புட்டும் நட்டம்" என்றார் நண்பரைப் பார்த்து.

நண்பர் கைகட்டி நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். அந்த முகத்தில் நாங்கள் கண்ட நிம்மதியை வேறெப்போதும் கண்டதில்லை.

பெரியவரின் கோபம் நியாயமானது. முன்கூட்டிக் கண்டறிதல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு புற்றைத் தொடக்கத்தில் பிடிக்க, புற்றல்லாத பல கறுப்புகளை அறுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவை ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கடலுக்குப் போகாத நாட்களை விலையாகக் கொடுக்கிறார். அந்த விலையைக் குறைப்பது எளிது: திருவாடானையிலோ தொண்டியிலோ மாதம் ஒருநாள், அந்தப் பழைய மரத்தடி மருத்துவமனைபோல, பார்க்கத் தெரிந்த ஒருவர் ஒரு சிறு டெர்மாஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தால், பெரியவரின் மூன்று பயணங்களும் மிச்சம். அதுவரை, இந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும்படி அவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா என்ற வினாவுக்கு எங்களிடம் விடையில்லை. முழங்காலுக்குக் கீழே காலிழந்த அந்த அம்மாளிடம் கேட்டால் ஒருவேளை விடை கிடைக்கும்.

வாசக நண்பர்களிடம் நாங்கள் வேண்டுவது சிறிது. இன்றிரவு படுக்குமுன் உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். விரலிடுக்கையும் நகத்தடியையும் பாருங்கள். வீட்டில் குனிய முடியாத முதியவர் இருந்தால் அவர் பாதத்தையும், அவர் ஒப்பினால் இடுப்பில் நாடா பதிந்த இடத்தையும் பாருங்கள். புதிதாய்ப் பரவும் கறுப்போ, இரண்டு மாதங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, பழைய புண்ணில் திடீரென்று தடித்தெழும் விளிம்போ இருந்தால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றுமிராது.

விடைபெறும்போது பெரியவர் எங்களைச் சும்மா அனுப்பவில்லை. நண்பர் எவ்வளவோ மறுத்தும், ஒரு பையில் நண்டு போட்டுக் கொடுத்தார். பிறகு வலையைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, நாங்கள் கேளாமலே அந்தக் காலைத் திருப்பிக் காட்டினார். தையல் போட்ட இடம் வெள்ளையாக, சுத்தமாக ஆறியிருந்தது.